ஜப்பானியப் போர் நீச்சல் பயில்வது எப்படி: கால் உதையிலிருந்து நீரில் எழுதுவது வரை

நிஹோன் எய்ஹோ என்று இன்று அழைக்கப்படும் ஜப்பானிய மரபு நீச்சல், சாமுராய்கள் பயில வேண்டிய 18 போர்க்கலைகளைக் கூறும் பட்டியல்களில் வாள், வில், குதிரையேற்றம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட கலையாகும். சுய்ஜுட்சு, சுய்ரென் என்னும் பழைய பெயர்களும் அதற்கு உண்டு. கவசமும் ஆயுதமும் தாங்கிய வீரன் ஓர் ஆற்றையோ அகழியையோ கடக்க வேண்டும். கடக்கும் நேரம் முழுவதும் எதிர்க்கரை அவன் பார்வையிலேயே இருக்க வேண்டும். கரையேறிய பின் போரிடுவதற்கு உடலில் வலு மிஞ்சியிருக்க வேண்டும். தலையை நீருக்குள் புதைக்காமல் நீந்துவது, ஓசையும் தெறிப்பும் எழாமல் அசைவது, கைகளை வேறு வேலைக்கு விட்டுவிட்டுக் கால்களால் மட்டும் உடலைத் தாங்குவது ஆகிய மூன்றும் இந்தத் தேவைகளிலிருந்தே பிறந்தன. பந்தய நீச்சலில் தேர்ந்தவர்கள் இக்கலையைத் தொடங்கும்போது திணறுவதற்குக் காரணமும் இதுதான்: அவர்களுடைய வேகம் பெரும்பாலும் கைகளிலிருந்து வருகிறது, இங்கே கைகளுக்கு வேலை மிகக் குறைவு.

இந்த வழிகாட்டி, நீச்சலே தெரியாதவர்களுக்கானது அன்று. மார்பு நீச்சலில் 50 மீட்டர் தூரத்தை அச்சமின்றிக் கடக்கவும், மல்லாந்து இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் மிதக்கவும் இயலுபவர்கள் இதைப் பின்பற்றலாம். அந்த நிலையை எட்டாதவர்கள் முதலில் அருகிலுள்ள பயிற்சியாளரிடம் அவ்விரண்டையும் கற்றுக்கொண்ட பிறகு இதற்கு வருவது நல்லது.

மரபுகளும் அவற்றின் நீர்நிலைகளும்

ஜப்பான் நீச்சல் கூட்டமைப்பு 13 மரபுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடையில், தனித்தனிச் சிற்றரசுகளின் ஆதரவில் வளர்ந்தவை. அந்தந்த ஊரின் நீர் எப்படி இருந்ததோ அதற்கேற்பவே நீச்சலும் அமைந்தது. மித்தோ நகரை ஒட்டி ஓடும் நாக்கா ஆற்றில் வளர்ந்த சுய்ஃபு மரபு, நீரோட்டத்தைக் கிழித்துச் செல்வதற்காக, ஒருக்களித்துக் கிடந்து நெடுந்தொலைவு வழுக்கிச் செல்லும் நீச்சலில் தேர்ந்தது. குமாமோத்தோவின் கொபோரி மரபு, நின்றபடி நீரை மிதிப்பதையே தன் அடித்தளமாகக் கொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மரபின் ஆசானான கொபோரி சோஜுன் நீச்சல் முறைகளை நூலாகவே எழுதி அச்சில் வெளியிட்டார். இசே விரிகுடாவின் கரையிலுள்ள ட்சு நகரின் கன்காய் மரபு, கடலில் கூட்டமாக நெடுந்தூரம் நீந்துவதற்குப் பெயர்பெற்றது. ஷிகோக்கு தீவின் ஓசுவில் தோன்றிய ஷிண்டென் மரபில் கத்தரிக்கோல் உதையே எல்லா நீச்சலுக்கும் மூலம். அதே தீவின் தக்காமட்சுவில், கடல்நீர் புகுந்து நிற்கும் கோட்டை அகழியில், சுய்னின் மரபினர் இன்றும் நீந்திக் காட்டுகிறார்கள்.

தொலைவிலிருந்து தொடங்கும் ஒருவர் இவற்றுள் எதைத் தேர்வது என்று குழம்ப வேண்டியதில்லை. உதைகளும் உடல் நிலைகளும் பல மரபுகளுக்குப் பொதுவானவை. நுணுக்கங்களில்தான் அவை பிரிகின்றன. கீழே நான் வரிசைப்படுத்தியிருப்பது ஒருக்களித்த நீச்சல், நின்ற நீச்சல், கை வீசும் நீச்சல், நீரில் இறங்கும் முறை, அதன் பிறகே காட்சி வித்தைகள் என்னும் ஒழுங்கு. பார்வையாளர்களைக் கவர்வது கடைசியில் வருவதுதான் என்பதால் பலரும் அங்கிருந்தே தொடங்க விரும்புவார்கள். கால்கள் பழகாமல் கையில் தூரிகையை எடுத்தால் தண்ணீர் குடிப்பதுதான் மிஞ்சும்.

தொடங்கும் முன் சில ஏற்பாடுகள்

நின்ற நீச்சலுக்குக் கால் தரையில் படாத ஆழம் வேண்டும். 2 மீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள பகுதியும், எட்டும் தூரத்தில் பிடித்துக்கொள்ளக் குளத்தின் விளிம்பும் இருந்தால் போதும். உயிர்காப்பாளர் இல்லாத இடத்திலும், துணைக்கு ஒருவரும் இல்லாத வேளையிலும் பயில வேண்டாம். ஆறு, ஏரி, கடல் எதுவும் முதல் சில மாதங்களுக்குத் தேவையில்லை.

உடையைப் பொறுத்தவரை, வழக்கமான நீச்சல் உடையே போதுமானது. ஜப்பானில் ஆண்கள் ஃபுண்டோஷி என்னும் நீண்ட துணியைக் கோவணமாக இறுக்கி உடுத்தும் வழக்கம் உண்டு. கக்குஷூயின் பள்ளி மாணவர்கள் சிவப்பு நிறத்தில் அதை உடுத்திக்கொண்டு கடலில் கொபோரி மரபு நீச்சல் பயின்றது புகழ்பெற்ற காட்சி. இடுப்பை இறுக்கிக் கட்டுவதால் உடல் நேராக நிற்கிறது என்பதும், தத்தளிப்பவரைப் பின்புற முடிச்சைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்பதும் அதன் பயன்கள். நீர்க்கண்ணாடி அணியாமல் பயில்வதே சிறந்தது. முகம் நீருக்குள் செல்லாத நீச்சலில் கண்ணாடிக்கு வேலை இல்லை, முகம் நனைகிறது என்றால் எங்கோ தவறு நிகழ்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

முழங்காலின் உட்பக்கத் தசைநார்களுக்கு இக்கலை கடுமையான வேலை கொடுக்கும். முழங்காலில் பழைய காயம் உள்ளவர்கள் கீழே கூறப்படும் சுழல் உதையைத் தவிர்த்து, கத்தரிக்கோல் உதையை மட்டும் கொண்டு நிற்கப் பழகலாம். மற்றவர்களும் நீரில் இறங்குமுன் இடுப்பு மூட்டையும் கணுக்காலையும் பல திசைகளில் சுழற்றித் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

அவோரி-ஆஷி: கத்தரிக்கோல் உதை

முதலில் கரையிலேயே தொடங்குவோம். ஒரு பலகையிலோ தரைவிரிப்பிலோ இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இரு கால்களையும் நீட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். இனி முழங்கால்களை மெதுவாக மடக்கி, குதிகால்களைப் பின்புறத்தை நோக்கி இழுங்கள். மடங்கிய நிலையிலிருந்து மேற்கால் முன்னோக்கியும் கீழ்க்கால் பின்னோக்கியும் பிரிய வேண்டும். முழுதாகப் பிரிந்ததும், மேற்காலின் உள்ளங்காலாலும் கெண்டைக்காலாலும், கீழ்க்காலின் புறங்காலாலும் நீரை நடுவில் சேர்த்து நெருக்குவதாக எண்ணிக்கொண்டு, இரு கால்களையும் நீட்டியபடியே ஒன்றாக மூடுங்கள். மூடியபின் அசையாமல் இருங்கள்.

இந்த உதையில் தள்ளும் விசை வருவது மூடும்போது மட்டுமே. மடக்குவதும் பிரிப்பதும் உடலின் ஓட்டத்தைத் தடுப்பவை. ஆகவே மடக்குவது மெதுவாகவும், மூடுவது விசையோடும், மூடியபின் காத்திருப்பது பொறுமையோடும் நடக்க வேண்டும். மார்பு நீச்சல் பழகியவர்கள் இரு முழங்கால்களையும் பக்கவாட்டில் விரித்துவிடுவார்கள். கால்கள் பிரிய வேண்டியது உடலின் முன்பின் திசையில். நீரில் ஒருக்களித்துக் கிடக்கும்போது இரண்டும் நீர்மட்டத்துக்கு இணையாகவே பிரிந்து இணையாகவே மூட வேண்டும். மேற்கால் நீருக்கு வெளியே எழுந்து தெறிப்பு உண்டாக்கினால் உடல் கவிழ்ந்தோ மல்லாந்தோ சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

கரையில் கால் ஒழுங்குக்கு வந்தபின் குளத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டும், பிறகு மிதவைப் பலகையைக் கீழ்ப்பக்கக் கையால் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டும் இதே உதையைப் பழகுங்கள். இரு பக்கங்களிலும் பழக வேண்டும். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் முரண்டு பிடிப்பதாகவும் இருப்பது இயல்பே. முரண்டு பிடிக்கும் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மேற்கால் பின்னோக்கியும் கீழ்க்கால் முன்னோக்கியும் செல்லும் தலைகீழ் உதையும் உண்டு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோஷி: ஒருக்களித்து வழுக்கும் நீச்சல்

சுய்ஃபு மரபின் ஹித்தோயே-நோஷியை அடிப்படையாகக் கொண்டு இதைக் கற்போம். ஒருக்களித்துக் கிடந்து, கீழ்க்கையைத் தலைக்கு முன்னால் நேராக நீட்டுங்கள். மேற்கை தொடையின் மீது படிந்திருக்கட்டும். கன்னத்தின் ஒரு பகுதி நீரில் படிந்திருக்க, வாயும் மூக்கும் இரு கண்களும் வெளியே இருக்க வேண்டும். கீழ்க்கையால் நீரை மார்பை நோக்கி இழுங்கள். அதே வேளையில் மேற்கை நீருக்குள்ளாகவே மார்புக்கு வந்து சேரும், கால்களும் மடங்கும். மார்பின் முன் இரு கைகளும் சந்தித்த நொடியில், கீழ்க்கை மீண்டும் முன்னோக்கி நீளவும், மேற்கை நீரைத் தொடைவரை தள்ளவும், கால்கள் பிரிந்து மூடவும் வேண்டும். பிறகு எதையும் செய்யாதீர்கள். உடல் தானாக முன்செல்லும்.

அந்தச் செயலற்ற இடைவெளியில்தான் இந்நீச்சலின் பலன் முழுவதும் இருக்கிறது. ஓட்டம் குறையத் தொடங்கும் வரை காத்திருந்து, முற்றிலும் நிற்பதற்குச் சற்று முன் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் மூழ்கிவிடுவோம் என்ற அச்சத்தில் இடைவெளி விடாமல் சுற்றுமேல் சுற்றாகக் கைகால்களை அசைப்பார்கள். அதனால் களைப்பு கூடுமே தவிரத் தூரம் கூடாது. 25 மீட்டர் நீளக் குளத்தை எத்தனை சுற்றுகளில் கடக்கிறீர்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு வாரமும் குறைக்க முயலுங்கள்.

பார்வைக்கும் பயிற்சி தேவை. குளத்தின் எதிர்முனையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து, சுற்று முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு நீந்துங்கள். தலை மேலும் கீழும் ஆடினால் குறியும் ஆடும். தலையை உயர்த்தினால் இடுப்பு தாழ்ந்துவிடும் என்பதால், நீரின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கும் நிலையை விட்டு எழ முயலக் கூடாது.

தாச்சி-ஓயோகி: நின்றபடி நீந்துதல்

இந்தக் கலையின் இதயம் என்று ஒரே ஒரு நீச்சலைச் சுட்ட வேண்டுமானால் நான் இதையே சுட்டுவேன். துப்பாக்கியால் சுட்டவர்கள், வில் தொடுத்தவர்கள், நீரில் நின்று எழுதியவர்கள் எல்லோரும் இதன்மேல்தான் நின்றார்கள்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. நுரையீரல் நிறைந்திருக்கும்போது நீருக்குள் இருக்கும் உடலின் எடை ஏறக்குறைய முழுவதும் நீராலேயே தாங்கப்படுகிறது. கால்கள் தாங்க வேண்டியது நீருக்கு வெளியே இருக்கும் பகுதியின் எடையை மட்டுமே. மனிதத் தலையின் எடை சுமார் 4 முதல் 5 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து சுமார் 6 கிலோ இருக்கும். ஆகவே தலையை மட்டும் வெளியே வைத்திருப்பவர் கைகளையும் உயர்த்தினால் கால்களின் வேலை இருமடங்குக்கு மேலாகிவிடும். தோளும் மார்பும் வெளியே வந்தால் இன்னும் பெருகும். பயிற்சியைக் கழுத்து, தோள், கைகள் என்று படிப்படியாக உயர்த்திச் செல்வதற்கு இதுவே காரணம்.

மார்பு நீச்சலின் உதையைக் கொண்டும் நீரில் நிற்கலாம். ஆனால் இரு கால்களும் ஒரே நேரத்தில் தள்ளி ஒரே நேரத்தில் மடங்குவதால் உடல் எழுந்து எழுந்து தாழும். குறிபார்க்கவோ எழுதவோ அது உதவாது. மக்கி-ஆஷி என்னும் சுழல் உதையில் ஒரு கால் நீரை அழுத்தும்போது மற்றது திரும்பி வருகிறது. தாங்கும் விசை அறுபடுவதில்லை, தலையும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. வாட்டர் போலோ வீரர்களும், இசைக்கேற்ப நீரில் நடனமாடும் கலை நீச்சல் வீராங்கனைகளும் இன்று பயன்படுத்தும் உதை ஏறக்குறைய இதுவே. கொபோரி மரபின் ஃபுமி-ஆஷியும் கால்களை மாற்றி மாற்றி நீரை மிதிப்பதுதான் என்றாலும், அதில் கால் செல்லும் வழி வேறு. ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில்லாமல் அதைப் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து தொடங்குங்கள். முதுகு நேராக இருக்கட்டும். தொடைகளைத் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரியுங்கள். வலது குதிகாலைப் பின்னோக்கி மடக்கி, கணுக்காலை மடித்துப் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்புங்கள். அங்கிருந்து பாதம் வெளியே, முன்னே, உள்ளே, பின்னே என்று ஒரு வட்டத்தை வரைய வேண்டும். மேலிருந்து பார்த்தால் வலது பாதம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், இடது பாதம் கடிகார முள்ளின் திசையிலும் சுழலும். வெளியிலிருந்து உள்நோக்கி வரும் பகுதியில் உள்ளங்காலும் கெண்டைக்காலின் உட்புறமும் நீரைக் கீழ்நோக்கிச் சாய்வாக அழுத்த வேண்டும். ஒரு கால் வட்டத்தின் பாதியில் இருக்கும்போது மற்றது தொடங்கட்டும். தொடைகள் பெரும்பாலும் அசையாமல், முழங்காலுக்குக் கீழேதான் சுழற்சி நிகழ வேண்டும்.

நீரில் இறங்கியபின் நாற்காலியில் அமர்ந்த அதே நிலையைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். முதலில் குளத்தின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் சுழற்றுங்கள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிச் சுழற்றுங்கள். உடல் விளிம்பிலிருந்து தானாக உயர்வதை உணர்ந்ததும் ஒரு கையை விட்டு, அடுத்து மறுகையையும் விடலாம். விட்டபின் கைகளை நீர்மட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கைகளைச் சற்றே சாய்த்து, உள்ளும் புறமும் துழாவி உடலைச் சமன்செய்யுங்கள். 30 நொடி நின்று, 30 நொடி ஓய்ந்து, இதை ஐந்தாறு முறை செய்வது ஒரு நாளுக்குப் போதும். தொடையின் உட்புறம் வலித்தால் அது களைப்பு, ஓய்வெடுத்தால் தீரும். முழங்காலின் உட்புறம் குத்தினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

உடல் மெதுவாகச் சுழல்கிறது என்றால் ஒரு கால் மற்றதைவிட வலுவாக வேலை செய்கிறது. முன்னோக்கி நகர்ந்துகொண்டே போனால் மேலுடல் சாய்ந்திருக்கிறது. மேலும் கீழும் குதித்தால் இரு கால்களும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன. மூச்சு இரைத்தால் பெரும்பாலும் வேகம்தான் குற்றவாளி: வட்டத்தைப் பெரிதாகவும் மெதுவாகவும் வரைந்தால் அதே தாங்கு விசை குறைந்த உழைப்பில் கிடைக்கும். மூச்சை முழுவதும் வெளியேற்றிவிடாமல், நுரையீரலின் பெரும்பகுதியை எப்போதும் நிறைத்து வைத்து, மேலோட்டமாக அளவோடு மூச்சு விடுவதும் பழக வேண்டிய ஒன்று. பேசிக்கொண்டே நிற்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிகிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படியில் கைகளைத் துழாவாமல் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். அது நிலைத்தபின் மணிக்கட்டுகளை மட்டும் நீருக்கு மேலே உயர்த்துங்கள், பிறகு முழங்கை வரை, பிறகு தோள்வரை. கைகளை உயர்த்தும் கணத்தில் உடல் சட்டென்று தாழும் என்பதால், உயர்த்துவதற்கு ஒரு நொடி முன்பே கால்களின் விசையைக் கூட்டிவிட வேண்டும். இரு கைகளையும் உயர்த்தியபடி ஒரு நிமிடம் நிற்க முடிந்த பிறகு, நின்ற நிலையிலேயே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரப் பழகுங்கள். நகர வேண்டிய திசைக்கு மேலுடலைச் சிறிதே சாய்த்தால் கால்கள் அங்கே கொண்டுசெல்லும்.

நுக்கித்தே: கையை வெளியே வீசும் நீச்சல்

வேகம் தேவைப்பட்டபோது வீரர்கள் பயன்படுத்தியது நுக்கித்தே. ஒருக்களித்த நீச்சலை நன்கு அறிந்தவர்களுக்கு இது எளிது: தொடைவரை சென்ற மேற்கை நீருக்குள்ளாகத் திரும்பாமல், நீருக்கு வெளியே உயர்ந்து முன்னே விழுந்து நீரைப் பிடிக்கிறது, கத்தரிக்கோல் உதை அதனோடு இணைகிறது. தலை மட்டும் வெளியிலேயே இருக்கிறது. கையை நீரில் அறையாமல், விரல்நுனி முதலில் நுழையும்படி சாய்த்து இறக்குங்கள்.

1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முறையாக நீச்சலில் கலந்துகொண்டபோது அதன் இரண்டு வீரர்களும் இத்தகைய மரபு நீச்சலுடனேயே சென்று, முகத்தை நீரில் வைத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் கிரால் நீச்சலை நீந்தியவர்களிடம் தோற்றுத் திரும்பினார்கள். அதன்பின் ஜப்பானியர்கள் கிராலைக் கற்று, 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆடவருக்கான ஆறு நீச்சல் போட்டிகளில் ஐந்தில் தங்கம் வென்றார்கள். பந்தயத்துக்கு நுக்கித்தே உதவாது என்பது அப்போதே முடிவான விஷயம். அலை மிகுந்த நீரில், முன்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டே விரைய வேண்டிய இடத்தில் அதன் பயன் இன்றும் குறையவில்லை.

நீரில் இறங்கும் முறை

தலை மூழ்காமல் நீரில் இறங்குவது இக்கலையின் தனிப்பாடம். குளத்தின் விளிம்பில் நின்று, ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் அகல வைத்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, எதிரிலுள்ள குறியைப் பார்த்தபடியே முன்னோக்கி அடியெடுத்து இறங்குங்கள். மார்பு சற்று முன்னே சாய்ந்திருக்கட்டும். இடுப்பு நீரில் படும் கணத்தில் கால்களைக் கத்தரிக்கோலாக மூடி, விரிந்த கைகளால் நீரைக் கீழே அழுத்தினால் தாடைக்கு மேல் நனையாது. உயிர்காப்பாளர்களுக்குக் கற்பிக்கப்படும் அகன்ற அடி இறக்கமும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. விளிம்பு நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் இடத்தில், ஆழத்தை முன்பே உறுதிசெய்துகொண்டு மட்டுமே இதைச் செய்யுங்கள்.

உயரத்திலிருந்து உடலை ஏறக்குறையக் கிடைநிலையில் விழச்செய்யும் சாக்கா-தோபி, நீருக்குள்ளிருந்து மடவை மீனைப் போல உடலை மேலே துள்ளச் செய்யும் இனா-தோபி ஆகியவை அடுத்த நிலையைச் சேர்ந்தவை. முன்னதில் சிறு பிழையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் அடிபடக் காரணமாகும். ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம்.

எழுதுதல், எடை தாங்குதல், கவசம்

நின்ற நீச்சலில் தேர்ந்தவர்கள் சுய்ஷோ என்னும் நீரெழுத்தைத் தொடங்கலாம். இடக்கையில் பலகை அல்லது விரித்த விசிறி, வலக்கையில் தூரிகை. பெரிய எழுத்துகளில் ஒரு சொல்லை எழுதி முடிக்கும்வரை காகிதம் நனையக் கூடாது. பயிற்சிக்கு நெகிழிப் பலகையும் கொழுத்த முனையுள்ள நீர்ப்புகா பேனாவும் போதும். முதலில் வெறும் பலகையை மட்டும் தோள் உயரத்தில் தாங்கி நில்லுங்கள். அது நிலைத்தபின் பேனாவை எடுத்து ஒரு நேர்கோடு வரையுங்கள். கோடு நெளிந்தால் கால்கள் இன்னும் ஒழுங்காகவில்லை. தமிழ் எழுத்துகளில் வளைவுகள் மிகுதி என்பதால் ‘ட’, ‘ப’ போன்ற நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கி, ‘ஐ’, ‘ஞ’ போன்றவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது வசதி.

ஜப்பானில் ஆண்டுதோறும் நடைபெறும் நிஹோன் எய்ஹோ போட்டியில், நின்ற நீச்சலில் எடையைத் தாங்கி நிற்பது தனிப் பிரிவாகவே உண்டு. இதைப் பழக விரும்புவோர் குளத்தின் அடியில் போடும் ரப்பர் செங்கல்லைப் பயன்படுத்தலாம். அரைக் கிலோவில் தொடங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கப் பழகிய பிறகே அதைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். பிடி தளர்ந்தால் பொருள் நேராகக் கீழே போகும் என்பதால் கீழே எவரும் நீந்தவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவசமணிந்து நீந்துவதும், கைகால்களைக் கட்டிக்கொண்டு நீந்துவதும் மரபுக் காட்சிகளில் இன்றும் இடம்பெறுகின்றன. ஒரு முழுக் கவசம் சுமார் 20 கிலோ எடை கொண்டது. அதை அணிந்து நீரில் இறங்குபவர்களைச் சுற்றிப் படகுகளும் துணை நீச்சல்காரர்களும் இருப்பார்கள். இவ்விரண்டையும் தனியே முயன்று பார்க்க எந்த நியாயமும் இல்லை. ஆடையணிந்து நீந்தும் அனுபவம் வேண்டுமென்றால், பருத்தி முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து, குளத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, கால் எட்டும் ஆழத்தில் நோஷி நீந்திப் பாருங்கள். நனைந்த துணி கைகளை எவ்வளவு பின்னிழுக்கிறது என்பதும், கையை வெளியே வீசாத நீச்சல்கள் எதற்காக இருக்கின்றன என்பதும் முதல் 10 மீட்டரிலேயே விளங்கிவிடும்.

நேரில் கற்க விரும்புவோர்க்கு

இதுவரை கூறியவை தனியே பயிலத்தக்க பகுதி. ஒரு மரபின் முறையான வடிவங்களைக் கற்க ஜப்பான் செல்வதைத் தவிர வழியில்லை என்றே சொல்ல வேண்டும். கியோத்தோவில் 1896-இல் தொடங்கப்பட்ட தோசுய்காய் கொபோரி மரபைக் கற்பிக்கிறது. பிவா ஏரிக் கால்வாயில் பயிற்சி நடந்த காலம் போய், இப்போது குளத்தில் நடக்கிறது. ஒசாக்கா பகுதியில் 1906-இல் நிறுவப்பட்ட ஹமதேரா நீச்சல் பள்ளி நோஜிமா மரபைச் சார்ந்தது. ஜப்பானியக் கலை நீச்சலின் வேர்கள் அங்கே நிகழ்த்தப்பட்ட கூட்டுக் காட்சிகளில் இருக்கின்றன என்பதால், அத்துறையினருக்கு அது கூடுதல் ஈர்ப்பைத் தரும். கூட்டமைப்பு தேர்வுகள் நடத்தித் தகுதிகளை வழங்குகிறது. ரென்ஷி, க்யோஷி, ஹான்ஷி என்பவை உயர்நிலைப் பட்டங்கள். தேர்வில் நேரம் அளக்கப்படுவதில்லை, வடிவமும் அமைதியும் பார்வையும் மதிப்பிடப்படுகின்றன.

அங்கே செல்லுமுன் இரு பக்கங்களிலும் நோஷியையும், கைகளை உயர்த்தியபடி இரண்டு நிமிடம் நிற்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். உங்கள் உதையின் கோணத்தையும் கையின் வழியையும் ஆசிரியர் தம் மரபுக்கேற்ப மாற்றச் சொல்வார். தனியே பழகியதை விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள். பயிற்சிக் காலங்களும் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் விதிகளும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் என்பதால், கோடைப் பருவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்டு, எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்ற பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.